அப்பாவின் கிரிக்கெட் குரூப்: குரல்களை மீட்டது

அப்பா போனபின், அவருடைய கிரிக்கெட் வாட்ஸ்அப் குரூப்பை 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து எடுத்தேன். பழைய கேலியெல்லாம் காணோம். மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 மெசேஜ்தான் வரும். இல்லாமல் எடுத்தால் 40,000. அதனால் எழுத்தை மட்டும் தனியாக எடுத்தேன். பிறகு அவருடைய ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் செருகி, 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தேன். வாரத்துக்கொரு ஃபோல்டர், ஃபைல் பெயரிலேயே தேதி; விஎல்சி பிளேயரில் ஓடும். எல்லா சாட்டின் குரலும் கலந்துதான் கிடக்கும், தேதியை எழுத்தோடு ஒப்பிட்டுப் பிரிக்க வேண்டும். ஃபைல் பெயரை மாற்றிவிடாதீர்கள்.

அப்படி மீட்ட குரல்களில் ஒன்று: 2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்தின் கப்தில் எறிந்து தோனி ரன் அவுட்: "அந்த கப்திலுக்கு இன்னிக்கு யாரும் சோறு போடாதீங்கடா!"

போனவரின் வாட்ஸ்அப்பை அவ்வப்போது திறந்து வையுங்கள். 120 நாள் சும்மா கிடந்தால் கணக்கே அழிந்துவிடும். சிம்முக்கும் ரீசார்ஜ் முக்கியம்.