சுற்றைக் குறைக்காதீர்கள்: சதுரங்கப் போட்டி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் ஒருநாள் சதுரங்கப் போட்டிகளைப் புதிதாக நடத்த வருபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கிறேன். பலகை போதவில்லை, கடிகாரம் ஓடவில்லை என்பவற்றை விட்டுவிட்டு, யார் யாரோடு மோதுவது என்று இணை போடும் முறையில் நேரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நாக் அவுட்

முதல் சுற்றிலேயே பாதிப் பேர் வெளியேறுவார்கள். செங்கோட்டையிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் பிள்ளையை அழைத்து வந்தவரிடம், பதினொரு மணிக்கே ஆட்டம் முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? இறுதி ஆட்டம் பரபரப்பானதுதான். ஆனால் அதில் ஆடுபவர் இருவரே.

ரவுண்ட் ராபின்

எட்டுப் பேர் வரை தாராளமாக நடத்தலாம். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதால் இதைவிட நியாயமான முறை இல்லை. 2024இல் டொராண்டோவில் குகேஷ் வென்ற, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியும், எட்டுப் பேர் இருமுறை மோதிய 14 சுற்று ரவுண்ட் ராபின்தான். 128 பேர் வந்தால் 127 சுற்றுகள் வேண்டும்.

சுவிஸ் முறையில் சுற்றுகளைக் குறைத்தல்

ஆகவே கூட்டம் பெரிதானால், தோற்றவரும் வெளியேறாமல் எல்லாச் சுற்றிலும் ஆடும் சுவிஸ் முறையே வழி. சமமான புள்ளி எடுத்தவர்கள் தமக்குள் மோதுவதால், தோல்வியே காணாதவர்களின் எண்ணிக்கை சுற்றுதோறும் பாதியாகும். டிரா இல்லை என்று வைத்துக்கொண்டால், 32 பேருக்கு ஐந்து, 64 பேருக்கு ஆறு, 128 பேருக்கு ஏழு சுற்றுகள் முடிந்தால்தான் முழுப் புள்ளியோடு ஒருவர் மட்டும் மிஞ்சுவார். 180க்கும் மேற்பட்ட அணிகள் ஆடிய 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் 11 சுற்றுகள் வைத்தார்கள். நம் பக்கத்திலோ, ஏழு சுற்று என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, சிறப்பு விருந்தினர் முன்கூட்டியே வந்துவிட்டார் என்பதற்காக ஐந்தோடு முடித்துவிடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை.

அப்படி முடித்த போட்டி ஒன்றில் நான்கு சிறுவர்கள் ஐந்துக்கு ஐந்து எடுத்து நின்றார்கள். அவர்களில் எவரும் மற்றவரோடு ஆடியதே இல்லை. கோப்பையைப் புக்கோல்ஸ் கணக்கு தீர்மானித்தது. அது எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. ஆகவே தன்னிடம் தோற்றவன் பிறகு மோசமாக ஆடியதற்காக ஒரு பையன் நான்காம் இடத்துக்கு இறங்கினான். அவனுடைய தாத்தா நடுவரின் மேசைக்கு வந்து, "எம் பேரன் யாருட்ட தோத்தான், சொல்லும்வே" என்று கேட்டார். யாரிடமும் விடை இல்லை.

நேரம் போதாது என்று தோன்றினால், அழைப்பிதழ் அச்சாகும் முன்பே ஆட்ட நேரத்தைக் குறையுங்கள். ஆளுக்கு 10 நிமிடமும் நகர்த்தலுக்கு 5 வினாடியும் கொடுத்தால், 60 நகர்த்தல் கொண்ட ஆட்டமும் அரை மணியில் முடியும். இடைவேளைகளைச் சேர்த்தாலும் ஏழு சுற்றுகளுக்கு ஆறு மணி நேரம் போதும்.

கையால் இணையை மாற்றுதல்

ஒரே பள்ளி மாணவர்கள் மோதினாலும் மாற்றாதீர்கள்.

டை பிரேக்கைக் கடைசியில் அறிவித்தல்

சமப் புள்ளி எடுத்தவர்களில் யார் முந்துவார் என்று தீர்மானிக்கும் இந்தக் கணக்கை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள்.

பை

ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால், ஒருவர் ஆடாமலே ஒரு புள்ளி பெறுவார். இதுதான் பை; அதே ஆளுக்கு இரண்டாம் முறை அதைக் கொடுக்கக் கூடாது. பரிசுக்கு உரிமை கோராத உள்ளூர் மாணவர் ஒருவரை ஆயத்தமாக வைத்திருந்தால் அதற்கும் தேவையிராது.