உடைந்த கருவிக்கு எந்தக் கம்பி? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உழவின் நடுவே ஒரு பின் (இணைப்பு ஆணி) முறிந்தால், மூலையில் கிடக்கும் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் செருகிவிட்டு வேலையைத் தொடரத்தான் மனம் பரபரக்கும். அப்படிச் செருகிய துண்டு மறுநாளே வளைந்து, துளையையும் நெளித்து, கழற்றுவதற்குள் படாதபாடு படுத்திவிடும். நான் ஒரு கலப்பைச் சட்டத்தின் துளையை அப்படித்தான் கெடுத்தேன். புதிய பின் ஒன்றைச் செய்ய அரை மணி நேரம் போதும். நெளிந்த துளையைப் பற்றவைத்து அடைத்து, மறுபடி துளையிட்டுச் சரிசெய்ய ஒரு முழு நாள் போயிற்று.

முதல் தவறு, உடைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கம்பி வாங்கப் போவது. எந்த எஃகு வேண்டும் என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும். அது வளைந்திருந்தால் தாங்கும் வலு போதவில்லை என்று பொருள். தேய்ந்து மெலிந்திருந்தால் மேற்பரப்பின் கடினம் போதவில்லை. வளையாமலே பளிச்சென்று மணிமணியாக முறிந்திருந்தால், எஃகு அளவுக்கு மீறிக் கடினமாக இருந்திருக்கலாம். முறிந்த முகத்தில், ஈர மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளைப் போல வளைந்த கோடுகள் ஓடி, ஓரத்தில் சிறிது இடம் மட்டும் கரடுமுரடாக இருக்கிறதா? அது பல நாள்களாக மெல்ல மெல்ல விரிந்த வெடிப்பு. இங்கே குற்றம் பெரும்பாலும் எஃகின் மேல் இல்லை. தண்டு தடித்த அளவிலிருந்து மெலிந்த அளவுக்கு இறங்கும் இடத்தைக் கூர்மூலையாகக் கடைந்திருப்பார்கள். எவ்வளவு உயர்ந்த கம்பி வாங்கினாலும் அந்த மூலையை அப்படியே விட்டால் மறுபடி அங்கேதான் முறியும். மூலையை வளைவாகக் கடைந்து, கடைசல் கீறல்கள் தெரியாதபடி வழவழப்பாக்குங்கள்.

அடுத்தது கட்டுமானக் கம்பி. எளிதில் கிடைக்கிறது, வலுவும் அதிகம் என்று டிஎம்டி கம்பியைப் பின்னாகவும் அச்சாகவும் போடுகிறார்கள். அதன் வலுவில் பெரும்பங்கு நீர் பாய்ச்சிக் குளிரவைத்த வெளித்தோலில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது மென்மையான எஃகு. வரிகளை நீக்கி உருண்டையாகக் கடைந்தால் அந்தத் தோலே போய்விடும். கடையாமல் போட்டால் வரிகள் மட்டுமே துளையில் உட்காரும், ஆட்டம் கொடுக்கும், துளையை அரம் போல அறுக்கும். செந்தழலில் காய்ச்சி வளைத்தாலும் அந்த இடத்தில் வலு இறங்கிவிடும்.

பெயரைக் கேட்டு ஏமாறுவதும் உண்டு. சாதாரண மைல்டு ஸ்டீல் சுமார் 250 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். நடுத்தரக் கரிமம் கொண்ட இஎன்8 ரக எஃகு அதைவிட உசத்தி என்று வாங்கி, வந்தபடியே மாட்டுகிறார்கள். பதப்படுத்தாத நிலையில் அதன் அளவு 280 அளவில்தான் இருக்கும். காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, பிறகு மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் 450-ஐத் தாண்டும். வாங்கும்போது எந்த நிலையில் தருகிறார்கள் என்று கேளுங்கள். பாரத்தில் நெகிழ்ந்து கொடுக்கும் தண்டுக்கு எஃகின் ரகத்தை மாற்றுவதும் பயன் தராது. பாரத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு மீளும் எல்லைக்குள் எல்லா எஃகும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நெகிழும். தடிமனைக் கூட்டுங்கள்: 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் வளைவைத் தாங்கும் வலு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், விறைப்பு 2.4 மடங்காகும்.

மிக ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம் போன்றவற்றில் சில போல்ட்டுகள் உடைவதற்கென்றே வைக்கப்பட்டவை. கல்லில் மாட்டினால் அவை முறிந்து கியர்பெட்டியைக் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று அங்கே கடினக் கம்பியைச் செருகினால், அடுத்த கல்லுக்குப் பல்சக்கரமோ தண்டோ உடையும். கையேட்டில் சொன்ன தரத்தைத் தவிர வேறு எதையும் அங்கே போடாதீர்கள்.

பற்றவைப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மைல்டு ஸ்டீல் எப்படிப் பற்றவைத்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இஎன்8-இல் கரிமம் 0.4 சதவீத அளவில் இருக்கிறது. அதைக் குளிர்ந்த நிலையில் பற்றவைத்தால், பற்றுக்கு ஒட்டிய பகுதி சட்டென்று ஆறிக் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெறும். வெடிப்பு உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்தும், சமயத்தில் இரண்டு நாள் கழித்தும்கூட விழும். முதலில் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ஈரம் ஏறாமல் காய்ந்த நிலையில் வைத்திருந்த இ7018 மின்வாய்க் குச்சியால் (வெல்டிங் ராடால்) பற்றவைத்து, காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கவே கூடாது. எளிதில் கடைவதற்காகக் கந்தகமோ ஈயமோ சேர்த்த கம்பியைப் பற்றவைக்கும் வேலைக்கு வாங்கவே வேண்டாம், பற்று வெடிக்கும்.

பழைய இரும்பில் எடுத்த கம்பி எது என்று தெரியாவிட்டால் கிரைண்டரில் வைத்துப் பாருங்கள். கரிமம் குறைந்த எஃகின் பொறி நீண்டு நேராக ஓடும், கிளை குறைவு. கரிமம் ஏற ஏறப் பொறி குட்டையாகிப் பூ விரிவது போலச் சிதறும். ரகம் தெரிந்த ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண் சீக்கிரம் பழகிவிடும். வண்டியின் பழைய பட்டைவில்லில் (லீஃப் ஸ்பிரிங்) அடித்த கொழு நன்றாக உழும். ஆனால் அந்த வில்லில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும். முறிந்தால் ஆள்மேல் பாயும் இடத்துக்கு அது வேண்டாம்.

அளவில் அசட்டை கூடாது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 25 மி.மீ. கம்பி ஓர் அங்குலத் துளையில் ஆடும். டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் கீழ்க்கைகளுக்கான பின் முதல் வகையில் (கேட்டகரி 1) 22 மி.மீ., இரண்டாம் வகையில் (கேட்டகரி 2) 28 மி.மீ. சூட்டில் உருட்டியபடியே வரும் கறுப்புக் கம்பியில் செதிலும் அளவு வேறுபாடும் இருக்கும். குளிர்ந்த நிலையில் இழுத்து வழவழப்பாக்கிய பிரைட் பாரின் அளவு துல்லியம், ஆனால் ஒரு பக்கம் மட்டும் சாவிப்பள்ளம் (சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் கீ உட்காரும் பள்ளம்) வெட்டினால் உள்ளழுத்தம் விடுபட்டுத் தண்டு வளையும்.

வாங்கிய கம்பியின் ஒரு முனையில் ரகத்துக்கு ஒரு வண்ணம் பூசிவையுங்கள். வெட்டும்போதெல்லாம் மறுமுனையிலிருந்தே வெட்டுங்கள்.