மேஃப்ளவர் காலத்து முன்னோரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1620, 30களில் மேஃப்ளவர் போன்ற கப்பல்களில் ஏறி அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குப் போனவர் இங்கிலாந்தில் எந்த ஊர்க்காரர் என்று தேடுகிறவர்களுக்கு நூலகத்தில் உதவுகிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த குழிகளிலேயே புதியவர்களும் விழுகிறார்கள். எழுத்துக்கூட்டல் மாறும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

பெயர் பொருந்தினால் போதும் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான். அண்மையில் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். குடியேறியவரின் பெயரிலேயே ஒரு தேவாலயப் பதிவேட்டில் ஞானஸ்நானம். வயதும் ஏறக்குறைய சரி. அந்த ஒற்றை வரியை நம்பி, ஒரு பிரபு வரைக்கும் வம்சத்தை ஏற்றிவிட்டார். அதே பதிவேட்டில் அடக்கப் பகுதியைப் புரட்டச் சொன்னேன். அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்திருந்தது.

மேஃப்ளவரில் வந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ் விஷயத்திலும் இப்படித்தான் தடம் மாறியது. குளோஸ்டர்ஷயரின் வுட்டன்-அண்டர்-எட்ஜ்தான் அவர் ஊர் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1998இல் கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர் ஹாம்ப்ஷயர் என்று காட்டினார். மூத்த தாரத்துப் பிள்ளைகள் ஜைல்ஸ், கான்ஸ்டன்ஸ் என்று மேஃப்ளவரில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தின் ஆளுநர் பிராட்ஃபோர்ட் எழுதி வைத்திருக்கிறார். ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி ஊர்ப் பதிவேட்டில் ஸ்டீபனின் பிள்ளைகளாக அதே இரண்டு பெயர்களும் இருந்தன. தனி ஸ்டீபன் எந்த ஊரிலும் அகப்படுவார். பிள்ளைகளோடு சேர்ந்து அகப்பட்டால்தான் நம்பலாம்.

ஜனவரியில் புத்தாண்டு என்று கணக்குப் போடுவது

1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. 1607 ஏப்ரலில் கல்யாணம், 1607 ஜனவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று கண்டால் பதற வேண்டாம். அந்த ஜனவரி நம் கணக்கில் 1608.

சீனியர், ஜூனியர்

பழைய பதிவில் ஒரே பெயரோடு இந்த ஒட்டுகளைக் கண்டதும் அப்பா, மகன் என்று எழுதிவிடாதீர்கள். உறவே இல்லாத இரண்டு பேராகவும் இருக்கலாம்.

கடையில் வாங்கிய குலச்சின்னம்

சுவரில் மாட்டுங்கள். சான்றாகாது.

அச்சில் வந்தால் உண்மை என்பது

குஸ்தாவ் அஞ்சூ என்றொருவர் பணக்கார அமெரிக்கர்களுக்குப் போலி வம்சாவளி தயாரித்து விற்றே பிழைத்தார். அவர் பெயர் தென்பட்டால் மூலப் பதிவைப் பார்க்கும்வரை ஒரு வரியும் எடுக்காதீர்கள்.

பதிவேடு இல்லையென்றதும் கைவிடுவது

தேவாலயங்கள் பதிவேடு வைக்கச் சொல்லி இங்கிலாந்தில் 1538இலேயே உத்தரவு வந்தது. ஆனாலும் பல ஊர்களில் தொடக்க ஏடுகள் மிஞ்சவில்லை. 1598 முதல் பிஷப்புக்கு ஆண்டுதோறும் நகல் அனுப்ப வேண்டியிருந்தது. அது தப்பியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அப்புறம் உயில்கள். ‘கடல் கடந்து போன என் மகனுக்கு’ என்று ஒரு வரி அதில் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.