ரிமோட் லாக் மாட்டப் போகிறீர்களா? பல்பு டெஸ்டரைக் கீழே வையுங்கள்

பேஸ் மாடல் காரை வாங்கி, அப்புறம் வெளியில் ரிமோட் லாக் மாட்டிக்கொள்வது இப்போது குமரி மாவட்டம் முழுக்கச் சகஜம். கிட் ஆன்லைனில் வந்துவிடுகிறது, மாட்டிக் காட்டும் வீடியோவும் ஃபோனிலேயே இருக்கிறது. ஐடிஐ முடித்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்திலேயே டோரைப் பிரித்துவிடுகிறார்கள். தப்பில்லை, நாங்களும் அடுத்தவன் வண்டியைப் பிரித்துத்தான் தொழில் படித்தோம். ஆனால் திங்கட்கிழமை அதே வண்டி மார்த்தாண்டம் பட்டறைக்குக் கயிறு கட்டி வரும்போது, உள்ளே இருப்பது பெரும்பாலும் நான் ஏற்கெனவே பார்த்த தவறுதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்று, ஃபியூஸ் போடு, டோர் பேட் கிளிப்பை உடைக்காதே என்பதெல்லாம் இங்கே வராது. கிட்டோடு வரும் தாளிலேயே அது இருக்கிறது.

பல்பு டெஸ்டரும் பிசிஎம்மும்

பழைய வண்டிகளில் பெரும்பாலும் லாக் சுவிட்சிலிருந்து கரண்ட் நேராக மோட்டாருக்கோ ரிலேவுக்கோ (சின்னக் கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) போகும். பல்பு டெஸ்டரை, அதாவது ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் ஊசி உள்ள பல்பை, வைத்துத் தட்டிப் பார்த்து வயரைக் கண்டுபிடித்தால் போதும். இப்போது வரும் வண்டிகளில் நடுவில் பாடி கண்ட்ரோல் மாட்யூல், அதாவது பிசிஎம், உட்கார்ந்திருக்கிறது. சுவிட்ச் அதற்கு ஒரு சிக்னல் மட்டும் கொடுக்கும். மோட்டாரை ஓட்டுவது பிசிஎம். அந்த சிக்னல் வயரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். ஐந்து வாட் பல்பே 0.4 ஆம்பியர் இழுக்கும். இண்டிகேட்டர் பல்பில் வயரைச் சுற்றி டெஸ்டர் ஆக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அது 21 வாட், 1.75 ஆம்பியர். அதைக் கொண்டுபோய் பிசிஎம் வயரில் குத்துகிறார்கள்.

குளச்சல் பக்கமிருந்து ஒரு ஹேட்ச்பேக் வந்தது. கீயில்தான் லாக், ஆனால் உள்ளே சுவிட்ச் உண்டு, மோட்டாரும் உண்டு. ரிமோட் மட்டும் இல்லை. வண்டிக்காரர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர். மாட்டியது அவருடைய சித்தி மகன். டெஸ்டரின் கிளிப்பை எர்த்தில் கொடுத்து, ஊசியைச் சுவிட்ச் வயரில் வைத்திருக்கிறான். பல்பு எரியவில்லை, ஆனால் நாலு டோரும் டக்கென்று லாக் ஆகியிருக்கிறது. வயர் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம். வயர் சரிதான். பல்பு வழியாக எர்த் கிடைத்ததும் லாக் ஆனது என்றால் அது நெகட்டிவ் ட்ரிகர், அதாவது எர்த் கொடுத்தால் வேலை செய்யும் வயர். விடை அவன் கையிலேயே இருந்தது. அவனோ வீடியோவில் பார்த்தபடி கிட்டின் ரிலேயில் 12 வோல்ட்டைக் கொடுத்து, அதை அந்த வயரில் சேர்த்துவிட்டான்.

ரிமோட்டை அமுக்கியதும் கதை முடிந்தது. லாக் ஆகவில்லை. உள் லைட் அணையவில்லை. வைப்பரும் ஓடவில்லை, ஏனென்றால் அந்த வண்டியில் அதுவும் பிசிஎம் வழியாகத்தான் போகிறது.

“அண்ணே, லாக் வயர்னா பாசிட்டிவ்தானே? வீடியோவுல அப்படித்தான் கொடுத்தாரு.”

“லே மக்கா, அவரு வண்டி வேற, இது வேற.”

கிட்டின் விலை ரெண்டாயிரத்துக்குப் பக்கம். பிசிஎம் அதற்குப் பல மடங்கு. அதோடு புது பிசிஎம்முக்கு வண்டியின் விவரத்தையும் சாவியையும் கம்பெனி ஸ்கேனரில் ஏற்ற வேண்டும். பார்ட் வர நாளாகிறது. லீவில் வந்த மனுஷர் கல்யாண வீடுகளுக்கெல்லாம் ஆட்டோவில் போனார். எனக்கு எரிச்சல் வருவது அவனுக்குத் தெரியாததனால் அல்ல; அதே டூல் பாக்ஸில் மல்டிமீட்டர் இருந்தது, டப்பாவிலிருந்து எடுக்கவே இல்லை.

மீட்டரை எடுத்தால் வேலை சுலபம். கறுப்பு ஊசி பாடி எர்த்தில், சிவப்பு ஊசி சுவிட்ச் வயரில். சும்மா இருக்கும்போது ஒரு ரீடிங், லாக் அமுக்கும்போது ஒன்று, அன்லாக் அமுக்கும்போது ஒன்று. மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ காட்டி, அமுக்கினால் பூஜ்யத்துக்கு விழுந்தால் நெகட்டிவ் ட்ரிகர். இங்கேதான் இன்னொரு கண்ணி. சும்மா நிற்கும்போதே வோல்ட் காட்டுகிறதே, அப்போ இது பாசிட்டிவ் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அமுக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கணக்கு. இந்த வகைக்குக் கிட் ரிலேயின் காமன் (பொது முனை) எர்த்துக்குப் போக வேண்டும்.

பூஜ்யத்தில் நின்று, அமுக்கும்போது 12 வோல்ட் வந்தாலும் உடனே பாசிட்டிவ் என்று சொல்லிவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓம்ஸில் போட்டு அந்த வயருக்கும் பாடிக்கும் நடுவில் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால், அந்த வயர் ஓய்வில் எர்த்திலேயே படுத்திருக்கிறது. அதாவது, போலாரிட்டி மாறி மாறி ஓடும் நேரடி மோட்டார் லைன். அதில் 12 வோல்ட்டைச் சும்மா ஒட்டினால் நேர் ஷார்ட். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் வயர் உருகும். அங்கே வயரை வெட்டி, ரிலே வழியாகத்தான் ஓட்ட வேண்டும்: மோட்டார் பக்கம் ரிலேயின் காமனுக்கு, சுவிட்ச் பக்கம் ‘நார்மலி க்ளோஸ்ட்’ (ஓய்வில் காமனோடு சேர்ந்திருக்கும்) முனைக்கு, 12 வோல்ட் ‘நார்மலி ஓப்பன்’ (ஓய்வில் பிரிந்திருக்கும்) முனைக்கு.

மூன்றாவது வகையில் லாக், அன்லாக் ரெண்டுக்கும் ஒரே வயர். நடுவில் வேறு வேறு ரெசிஸ்டர். மீட்டரில் அமுக்கும்போது வோல்ட் பாதியில் நிற்கும். சர்க்யூட் படம் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

சும்மா தாழ்ப்பாள் மட்டும் உள்ள, மோட்டாரே இல்லாத பேஸ் மாடல் என்றால் இந்தத் தலைவலி இல்லை. நாலு மோட்டாரையும் நீங்களே போடுகிறீர்கள், பிசிஎம் பக்கம் போக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்துக்கொண்டு மோட்டார் இடத்தைக் குறியுங்கள். ஏற்றி வைத்துக் குறித்தால், மாட்டி முடித்து முதல் தடவை இறக்கும்போது கண்ணாடி மோட்டாரில் போய் இடிக்கும்.

வயர் கலர்

நம்பாதீர்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது

மதுரையில் இது பல வருஷம் ஓடலாம். நம் ஊரில் ஓடாது. ஆனி, ஆடிச் சாரல் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகை இன்னொரு மழை. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் வருஷம் பூராவும் உப்புக் காற்று. டேப்பின் பசை முதலில் கழன்று பிசுபிசுக்கும், அப்புறம் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். அதன் பிறகு லாக் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, மாட்டியபின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

டோரிலிருந்து பாடிக்கு வரும் வயர், கம்பெனி ரப்பர் குழாய்க்குள்ளேயே வர வேண்டும். அதற்குள் நுழைப்பது சள்ளைதான். ஒரு கட்டுக் கம்பியைக் கொக்கி வளைத்து முதலில் அதை விட்டு, பின்னால் வயரை இழுத்தால் வந்துவிடும். பக்கத்தில் ஓட்டை போட்டு விட்டீர்கள் என்றால், டோர் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் தகட்டு விளிம்பு வயரை அறுக்கும், மழைத்தண்ணீர் வயரோடு வழிந்து உள்ளே போகும். கிட் மாட்யூலைக் கார்பெட்டுக்கு அடியில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அரை செகண்டா, மூன்றரையா

லாக் மோட்டாருக்குக் கரண்ட் எவ்வளவு நேரம் போக வேண்டும் என்று மாற்ற, சில கிட்டுகளில் சின்ன ஜம்பர் (மாற்றிச் செருகும் துண்டு) இருக்கும். மூன்றரை செகண்ட், வேக்குவம் லாக் உள்ள பழைய வண்டிகளுக்கு. உங்கள் வண்டிக்கு அரை செகண்ட். மற்றதில் விட்டால் மோட்டார் சூடாகிப் போகும்.

இக்னிஷன் ஆட்டோ லாக்

சாவி போட்டதும் டோர் தானாக லாக் ஆகும் வசதி. கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டு கேட்டைத் திறக்க இன்ஜினை ஓடவிட்டு இறங்குகிற ஊர் இது. சாவியும் ரிமோட்டும் உள்ளே, குழந்தை பின் சீட்டில், டோர் லாக். தக்கலையில் ஒரு வீட்டில் கடைசியில் கண்ணாடியை உடைத்தார்கள். இக்னிஷன் வயரை இணைக்காமல் விட்டாலே இந்த வசதி வேலை செய்யாது. வண்டிக்காரர் கேட்டால் மட்டும் கொடுங்கள், அதுவும் விளக்கிச் சொல்லிவிட்டு.

மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கப்ளர்

ஏர்பேக். கை வைக்காதீர்கள்.

மாசக்கணக்கில் நிற்கும் வண்டி

வெளிநாட்டுக்காரர் வீட்டு வண்டி கவர் போட்டு மாசக்கணக்கில் நிற்கும். அணைத்துப் பூட்டிய வண்டி 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியை அதுவே ஒரு மாசத்தில் காலி செய்யும். கிட்டில் ஒரு ரிலே எப்போதும் இழுத்தபடி நின்றால் இன்னும் 150 சேரும். ஒரு வாரத்தில் காலி. வேலை முடிந்ததும் மீட்டரை பேட்டரி நெகட்டிவில் சீரிஸாகப் போடுங்கள், 10 ஆம்பியர் ரேஞ்சில். டோர் திறந்திருந்தால் லாட்ச்சை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கிவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள். போட்டவுடன் பார்த்து, இவ்வளவு இழுக்கிறதே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வண்டியின் மாட்யூல்கள் அடங்கித் தூங்க நேரம் எடுக்கும்.

முதல் தடவை ரிமோட்டை அமுக்கும்போது

டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கியிருக்கட்டும். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும்.