ஸ்பாக் துட்டி (துக்கம்) கேட்கப் போன கதை: ரசிகர் புனைவு எழுதுவது எப்படி?

முதல் படி: ரசிகர் புனைவு என்றால், ஏற்கெனவே உள்ள கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதுகிற கதை. அதனால் புதுக்கதை தேடாதீங்க, மூலக்கதையில் விட்டுப்போன இடத்தைத் தேடுங்க. நான் எடுத்தது ‘ஸ்டார் ட்ரெக்’, விண்கப்பல் பயணம் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1967இல் வந்த ஓர் அத்தியாயத்தில், டெனீவா என்கிற கிரகத்தில் கேப்டன் கிர்க்கின் அண்ணன் சாம் இறந்து கிடக்கிறார். அண்ணியும் கிர்க்கின் கண்ணெதிரே போய்விடுகிறார். கிர்க்கின் துணை அதிகாரியும் சேக்காளியுமான (நண்பர்) ஸ்பாக்கை ஒட்டுண்ணி தாக்கி, வைத்தியத்தில் கொஞ்ச நேரம் பார்வையே போகிறது. பார்வை திரும்பியதும் டாக்டர் மெக்காயோடு பழைய கிண்டல், கப்பல் கிளம்பிவிடுகிறது. கடைசிக் காட்சியில் சாமைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்க ஊர்ல பதினாறு கழியுற வரை வாசல் பெஞ்சு காலியாகாது!

இரண்டாம் படி: கதாபாத்திரங்களால் என்ன முடியும், எது முடியாது என்று ஒரு தாளில் எழுதுங்க. ஸ்பாக்கின் அப்பா வழி, வல்கன் என்கிற வேற்றுக்கிரக இனம். வல்கன்களுக்கு உணர்ச்சி உண்டு, அடக்கி வைப்பாங்க. தொட்டால் எதிராளியின் மனசு அவங்களுக்குள் வந்துவிடும். இதைக் கோடு போட்டு வையுங்க.

மூன்றாம் படி, கிர்க்கை ஸ்பாக் தேற்றுகிற காட்சி. நான் மூணு மாசம் மாட்டிக்கிட்டுக் கிடந்தது இங்கதான். முதல் வரைவில் ஸ்பாக் ரெண்டு பக்கம் பேசினார். கிர்க் அழுதார், உடனே தேறிட்டார். இரங்கல் கூட்டத்து மைக் மாதிரி இருந்தது. அடுத்த வரைவில் கிர்க்கை ஸ்பாக் தோளில் சாய வைத்தேன். அது இன்னும் மோசம்.

அப்போ வள்ளியூர் பக்கம் ஒரு துட்டிக்குப் போயிருந்தேன். இறந்தவரின் தம்பி பெஞ்சில் இருந்தார். அவருடைய சேக்காளி வந்து கையை நீட்டினார், இவர் தொட்டார். வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “கெணத்து மோட்டாரு சரியாயிட்டா?” “இல்ல.” “நாளைக்கு வாரேன்.” அவர் தெரு திரும்பின பிறகுதான் தம்பி வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து காட்சியை முழுசா அடிச்சு எழுதினேன். ஸ்பாக் கிர்க்கின் அறைக்கு வருகிறார். நமக்குக் கை நீட்டுவது சம்பிரதாயம். அவருக்கு அப்படி இல்லை, தொட்டால் அந்தத் துக்கம் அவர் துக்கமும் ஆகிவிடும். அதனால் நீட்டுவதற்கு முன் ஒரே ஒரு வரி தயங்க விட்டேன். அறிவியல் புனைவு, சேக்காளித்தனம் எல்லாம் அந்த ஒரு வரியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மற்ற பேச்சு முழுக்கக் கப்பல் இயந்திரம் பற்றித்தான்.

ஆனா கிர்க்கை நெல்லைத் தமிழ் பேச வைக்காதீங்க. “ஏல ஸ்பாக்கு” என்று எழுதிப் பார்த்தேன். துட்டி வீடு சிரிப்பு வீடாயிட்டு.

கருவி? முதல் வரைவுக்குப் பேனாதான். செல்போனில் பேசித் தட்டச்சு செய்தால் “வாரியா” என்பது “வாரியார்” ஆகும். கணினியில் தமிழ்99 விசைப்பலகை பழகுங்க. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவங்களோடு எனக்கு நிரந்தரச் சண்டை.

பின்சேர்க்கை: வாசகி ஒருத்தர் கேட்டார், “சாமோட மவன் பீட்டர் பொழச்சிருக்கானே, அவன எங்க விட்டிய?” சுருக்குன்னு குத்திட்டு. அத்தியாயத்தை மறுபடி பார்த்தேன், பையன் மருத்துவ அறையில் கிடக்கிறான். நானும் அவனை மறந்திருக்கேன். முடிவை மாத்திட்டேன்: ஸ்பாக் போன பிறகு கிர்க் எழுந்து பையனின் கட்டில் பக்கத்தில் போய் உட்காருகிறார், கையை நீட்டுகிறார்.