கஷ்ட காலத்தில் உடற்பயிற்சி: எங்கே சறுக்குகிறோம்?

வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் முதலில் நிற்பது நம் உடற்பயிற்சிதான். அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்கும் வாரத்தில் ஜிம்முக்குப் போகாதவரை யாரும் குறை சொல்லப் போவதில்லை. அந்த ஒரு வாரம் ஆறு மாதமாக நீள்வதுதான் சிக்கல். அதற்குச் சோம்பல் காரணம் என்று நான் நம்பவில்லை. பெரும்பாலும் தப்புக் கணக்குதான்.

செய்தால் முழுசாகச் செய்யணும், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்பது முதல் கணக்கு. ஒரு மணி நேரம் கிடைக்காத நாளில், கையில் இருக்கும் ஐந்து நிமிடத்தை நாம் மதிப்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனம்கூட முன்பு, ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்தது. 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் மருந்து வாங்க மூன்று மாடி விறுவிறுவென்று ஏறுவதும் இப்போது அதில் சேர்த்தி.

அடுத்தது, எதைக் குறைப்பது என்பதில் வரும் குழப்பம். இதில்தான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். மனசு சரியில்லை, லேசாகச் செய்வோம் என்று எடையைப் பாதியாக்கிவிட்டு, நேரத்தை மட்டும் பழையபடி ஓட்டுவார்கள். 1980-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சனும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த 15 வாரம் அளவைக் குறைத்தார்கள். சிலருக்கு வாரம் 2 நாளாக, இன்னொரு சோதனையில் சிலருக்கு நாளுக்கு 13 நிமிடமாக. இரண்டிலும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் இறங்கவில்லை. (நெடுநேரம் தாக்குப்பிடிப்பது மட்டும் 13 நிமிடக்காரர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது.) கடுமையைக் குறைத்தபோது அந்த உச்சத் திறனே இறங்கியது.

ஆகவே பயிற்சி நாட்களைக் குறையுங்கள், செட்டை (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) குறையுங்கள். எடையிலும் வேகத்திலும் கை வைக்காதீர்கள். மூன்று செட் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) போடுபவர் அதே எடையில் ஒரு செட் போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டம்பெல்லுக்கு எங்கே போவது? டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து அடுத்த ஊசி போடும் வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். மாடிப்படியின் மூன்றாவது படியில் கையூன்றி தண்டால் எடுக்கலாம். சுலபமாக இருந்தால் இரண்டாவது படிக்கு இறங்குங்கள். கடைசி இரண்டு திணறலாக வந்தால் போதும், அன்றைய கணக்கு முடிந்தது.

சரி, அதுவும் முடியவில்லை, வீட்டில் துக்கம் என்று வைத்துக்கொள்வோம். 16-ஆம் நாள் காரியம் வரை வாசல் தாண்டவில்லை என்றாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது. இரண்டு, மூன்று வாரத்தில் தசை பலம் பெரிதாகப் போய்விடாது. முதலில் குறைவது மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் திறன்தான். எல்லாம் போச்சு என்று நினைத்துத் திரும்பாமலே இருப்பது வீண் பயம்.

இதற்கு நேரெதிர்த் தவறு, விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பது. மேலே சொன்ன ‘எடையைக் குறைக்காதே’ என்பது கொஞ்சமாவது தொடர்ந்தவர்களுக்கு. பல வாரம் அடியோடு நிறுத்தியவர் பாதி எடையில், ஒரே செட்டில் ஆரம்பிப்பதுதான் நல்லது. அளவுக்கு மீறிய பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், அது சாதாரண உடம்பு வலி இல்லை; தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

காய்ச்சலோடு வியர்வை சிந்தினால் காய்ச்சல் இறங்கிவிடும் என்பார்கள். இறங்காது. வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையைத் தொடும். அப்போது ஓடுவது ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் விட்ட அடுத்த ஓரிரு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய கட்டம்.

அப்புறம், ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் கண் விழித்தவர் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம். தூங்குங்கள். ஜிம்மில் வருஷப் பணம் கட்டியிருந்தால், இந்த மாதங்களை நிறுத்திவைத்துப் பிறகு சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் செய்து தருகிறார்கள்.