மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ ஒரு வெளிநாட்டு ஐடி கம்பனியைக் கொண்டுவருவது எப்படி?

இலங்கைக்கு வர முடிவெடுத்த கம்பனி தானாகக் கொழும்பில்தான் இறங்கும். அதைக் கிழக்கே அம்பாறை மாவட்டத்துக் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ அழைத்து வருவது தனி வேலை. வர்த்தக சங்கங்கள், பல்கலைக்கழகத் துறைகள், ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் புலம்பெயர்ந்தோர் ஆகியோருக்கு, அந்த வேலையை எங்கே தொடங்குவது என்பதை இங்கே எழுதுகிறோம்.

உலகப் பெயர் பெற்ற பெரிய கம்பனிகளுக்குக் கடிதம் எழுதிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். 50 முதல் 300 பேர் வரை வேலை செய்யும் நடுத்தரக் கம்பனிகளைத் தேடுங்கள். லண்டனிலோ டொரொன்டோவிலோ அங்கே முடிவெடுக்கும் இடத்தில் நம்மவர் ஒருவர் இருந்தால் நல்லது. ஏற்கெனவே கொழும்பில் கிளை வைத்திருந்து, ஆட்கள் அடிக்கடி விட்டுப்போவதால் அவதிப்படும் கம்பனி இன்னும் நல்லது. முதல் பேச்சிலேயே 200 வேலை கேட்காதீர்கள். 15 முதல் 30 பேருடன் ஒரு வருடப் பரீட்சார்த்தம் என்றால் எந்த முகாமையாளரும் தன் பொறுப்பிலேயே ஒப்புதல் கொடுத்துவிடலாம்.

அவர்கள் முதலில் கேட்பது ஆட்களைப் பற்றித்தான். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் என்று பட்டியல் போடுவது போதாது. இறுதியாண்டு மாணவர்களும் புதிய பட்டதாரிகளுமாக 60 பேரைக் கூட்டி, 90 நிமிடக் கோடிங் பரீட்சை ஒன்றும், ஆளுக்கு 10 நிமிட ஆங்கில உரையாடலும் வையுங்கள். உரையாடலைப் பதிவு செய்து, புள்ளிகளுடன் அப்படியே கொடுங்கள். பலவீனத்தை மறைக்க வேண்டாம். கோடிங்கில் தேறியவர் பேச்சு ஆங்கிலத்தில் தடுமாறுவது இங்கே வழமை. அதற்கு 12 வாரப் பயிற்சித் திட்டமும் அதன் செலவும் அதே தாளில் இருந்தால், கேட்பவருக்கு நம்பிக்கை கூடும். நேர வித்தியாசத்தையும் எழுதுங்கள்: லண்டனில் காலை 9 மணி என்பது இங்கே கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயோர்க் என்றால் மாலை 6.30க்குப் பிறகுதான் வேலை தொடங்கும். இரவில் வேலை முடிந்து வீடு போக வாகனம் ஏற்பாடு செய்யாவிட்டால், திறமையான பெண் பிள்ளைகளை வீட்டார் அனுப்பமாட்டார்கள்.

அதிகமாகப் பிழை நடப்பது பணம் வரும் வழியில்தான். கனடாவிலோ சுவிஸிலோ இருப்பவர் அண்ணன் கணக்குக்கும் மச்சான் கணக்குக்கும் பணம் அனுப்புவார், அவர்கள் பெயரில் கம்பனி பதிவாகும். மூன்று வருடம் கழித்து இலாபத்தை எடுக்கப் போனால், அது வெளிநாட்டு முதலீடு என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. உறவும் முறிந்துபோகும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், முதலீட்டாளர் தன் பெயரிலேயே உரிமம் பெற்ற வணிக வங்கி ஒன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கைத் திறக்க வேண்டும். பணம் வெளிநாட்டிலிருந்து அந்தக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து பங்குக்காகக் கம்பனிக் கணக்குக்குப் போக வேண்டும். பங்கு வழங்கிய 20 வேலை நாட்களுக்குள் கம்பனிப் பதிவாளரிடம் அதை அறிவிக்கும் படிவம் 6 கொடுக்க வேண்டும். பங்கிலாபமும், பின்னர் பங்கை விற்ற பணமும் இதே கணக்கின் வழியாகவே வெளியே போகும். வங்கிச் சீட்டு, படிவம் 6, பங்குச் சான்றிதழ் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

அடுத்தது காணி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, பாதிக்கு மேல் மட்டுமல்ல, சரி பாதிப் பங்கு வெளிநாட்டவரிடம் இருந்தாலும் அந்தக் கம்பனி காணி வாங்க முடியாது. 99 வருடம் வரை குத்தகை எடுக்கலாம். 30 பேருக்கு அதுவும் தேவையில்லை. ஆளுக்கு 70 சதுர அடி என்று வைத்து, 2,100 சதுர அடி மாடி ஒன்றை மூன்று வருடத்துக்கு எடுத்தால் போதும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கட்டடம் நிற்பது உறுதிக் காணியிலா (உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி) பெர்மிட் காணியிலா (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த அரச காணி) என்பதை முதலே பாருங்கள். நம் இரு மாவட்டங்களிலும் பெர்மிட் காணி நிறைய உண்டு. அதில் வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதிய குத்தகை ஒரு பிணக்கு வந்தால் நிற்காது. காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைத் தேடச் சொல்லிச் சட்டத்தரணியின் கடிதத்தை வாங்குங்கள். யுத்த காலத்தில் உறுதி தொலைந்த குடும்பங்கள் பல என்பதால் இதில் அவசரம் கூடாது.

இன்டர்நெட்டுக்கு இரண்டு கம்பனிகளிடம் இணைப்பு எடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். இரண்டு பைபரும் ஒரே வீதியில் ஒரே தூணில் வந்தால் ஒரு மரம் விழுந்ததும் இரண்டும் போய்விடும். கடலடிக் கேபிள்கள் கொழும்பு, மாத்தறைப் பக்கம்தான் கரையேறுகின்றன. அங்கிருந்து ஒன்று பொலன்னறுவை வழியாகவும் மற்றது அம்பாறைப் பக்கமாகவும் வருகிறதா என்று பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 30 பேர் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பில் இருந்தால், ஏற்றவும் இறக்கவும் ஆளுக்கு வினாடிக்கு 3 மெகாபிட் (Mbps), ஆக 90 வேண்டும். 100 Mbps எடுங்கள். மின்வெட்டுக்கும் தயாராக இருங்கள்: மடிகணினி, திரை, ரவுட்டர், விளக்கு எல்லாம் 4 கிலோவாட்டைத் தாண்டாது. அதற்கு 6 கேவிஏ யுபிஎஸ், ஏசியும் சேர்த்து 30 கேவிஏ ஜெனரேற்றர். கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருதுபோலக் கடலுக்கு அருகில் என்றால் ஏசியின் வெளி அலகு உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருத்தடுப்புப் பூச்சுள்ளதை வாங்கி, மாதம் ஒரு முறை நன்னீரால் கழுவச் சொல்லுங்கள்.

வரிக் கணக்கை ஒரே பக்கத்தில் கொடுங்கள். சாதாரண கம்பனி வரி 30 சதவீதம். வெளிநாட்டு நாணயத்தில் சம்பாதித்து வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவரும் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15 சதவீதம். சம்பளத்தின் மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும். ஆக, 1,00,000 ரூபா சம்பளக்காரருக்குச் செலவு 1,15,000 ரூபா. முதலீட்டுக்கு அனுமதி தரும் அரச அமைப்பான முதலீட்டுச் சபையின் (BOI) சட்டத்தில் 16ஆம் பிரிவு சாதாரண சட்டங்களின் கீழான அனுமதி, 17ஆம் பிரிவு சலுகை உடன்படிக்கை. எது பொருந்தும் என்பதைச் சபையிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சலுகையை வாயால் வாக்களிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

நேரில் பார்க்க வருபவரை நவம்பர், டிசம்பரில் அழைக்காதீர்கள். மாரி மழையில் வீதி வெள்ளத்தில் மூழ்கிய நாளில் அவர் வந்தால், வேறு எதையும் அவர் நினைவில் வைக்கமாட்டார். பெப்ரவரி முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். வெள்ளம் உண்டென்பதை மட்டும் மறைக்காமல், அந்த வாரங்களில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாட்டைக் காட்டுங்கள். மாலை, பொன்னாடை, மேடைப் பேச்சு எதுவும் வேண்டாம். முதல் நாள், பரீட்சையில் தேறியவர்களோடு; மறுநாள் கட்டடம், வங்கி, சட்டத்தரணி.

திரும்பிப் போன பிறகு கேள்விகள் வரும். பதில் சொல்ல ஒரே ஆள், 24 மணிநேரத்துக்குள். முதல் கம்பனி ஒரு வருடம் ஓடியதும், அடுத்த கம்பனியோடு பேச அதன் முகாமையாளர் சம்மதிப்பாரா என்று கேட்டு வையுங்கள். வரப்போகிறவர் நம் பிரசுரத்தை விட அவரிடம் கேட்பதையே நம்புவார்.